புகை போய்ச் சேரும் இடம்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது ஒரு மருத்துவமனை. 1928 ஏப்ரலில் டாக்டர் சவுரி முத்து பன்னிரண்டு படுக்கைகளோடு அங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சில காலம் நோயாளியாக இருந்தார் என்பது இந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அதனாலோ என்னவோ, குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை யாரிடம் புகையிலையின் கேட்டைப் பற்றிப் பேசினாலும் பேச்சு நெஞ்சைவிட்டு நகராது. இருமல், சளி, எக்ஸ்ரே, கடைசியில் கேன்சர். பீடிப் புகை கால் பெருவிரல் வரை இறங்கி அதை அழுகவைக்கும் என்றால், "அது சுகருக்குத்தானே வரும்?" என்று கேட்பார்கள்.

பம்மல் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்யும் முப்பத்தைந்து வயதுக்காரரை மனத்தில் வைத்துக்கொள்வோம். பதினாறு வயதில் பிடித்த பழக்கம், நாளைக்கு ஒரு கட்டு பீடி. முதலில் நடக்கும்போது உள்ளங்காலின் வளைவில் ஒரு பிடிப்பு. நின்றால் விட்டுவிடும். செருப்பு சரியில்லை என்று செருப்பை மாற்றுகிறார். பிறகு காலில் சிவப்பாக, கயிறு போல ஒரு சிரை வீங்கி வலிக்கிறது. பத்து நாளில் தானாக அடங்கி வேறோர் இடத்தில் கிளம்புகிறது. பிறகு ராத்திரி வலி. படுத்தால் தாங்க முடியாது, காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால் கொஞ்சம் தணியும். புவியீர்ப்பு இழுத்துவிடும் அந்தச் சிறிதளவு ரத்தத்துக்காக அவர் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகுகிறார். பெருவிரல் நகத்தோரம் ஆறாத புண் வருகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் "சுகரா இருக்கும்பா" என்கிறார்கள். சோதித்தால் சுகர் இல்லை, கொழுப்பும் சரியாக இருக்கிறது. விரல் நுனி கறுக்க ஆரம்பித்த பிறகுதான் மின்சார ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையின் ரத்தநாள அறுவைப் பிரிவுக்குப் போகிறார். அங்கே டாக்டர் முதலில் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடித்துடிப்பைத் தேடுகிறார். துடிப்பு இல்லை.

இந்த நோயின் முழுப்பெயர் த்ராம்போ ஆஞ்சையைட்டிஸ் ஆப்ளிட்டரான்ஸ். ரத்தம் உறைந்து, நாளம் அழன்று, வழி அடைந்து போதல் என்று அந்த மூன்று சொற்களையும் பிரிக்கலாம். வார்டில் டி.ஏ.ஓ. என்பார்கள், வெளியே பர்ஜர் நோய். 1879-இல் ஆஸ்திரியாவின் ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்ட்டர் இப்படி ஒரு காலைப் பற்றி எழுதினார். 1908-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் லியோ பர்ஜர் வெட்டி எடுக்கப்பட்ட 11 கால்கைகளை நுணுகிப் பார்த்து, இது வயதானவர்களுக்கு வரும் கொழுப்படைப்பு அல்ல, வேறு நோய் என்றார். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1960-இல் வெஸ்லர் என்ற அமெரிக்கர், அப்படி ஒரு தனி நோயே கிடையாது என்று வாதிட்டார். வழக்கு பர்ஜர் பக்கமே தீர்ந்தது. ஜப்பானின் ஷியோனோயா 1998-இல் வகுத்த அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: புகைப்பழக்கம், ஐம்பது வயதுக்கு முன் தொடக்கம், முழங்காலுக்குக் கீழே தமனி அடைப்பு, கைகளிலும் பாதிப்பு அல்லது இடம் மாறும் சிரை அழற்சி, புகையைத் தவிர நாளத்தைக் கெடுக்கும் வேறு காரணம் இல்லாமை. ஆஞ்சியோ எடுத்தால் அடைபட்ட தமனியைச் சுற்றிக்கொண்டு மெல்லிய மாற்றுவழி நாளங்கள் திருகுச் சுருள்களாகத் தெரியும். உடல் தானே போட்டுக்கொண்ட சந்துவழிகள் அவை.

இது நம் பக்கத்து நோய். கால் தமனி நோய் உள்ளவர்களில் பர்ஜர் நோயாளிகளின் பங்கு மேற்கு ஐரோப்பாவில் 0.5 முதல் 5.6 சதவீதம், இந்தியாவில் 45 முதல் 63 சதவீதம் என்று ஒரு கணக்கு பாடநூல் பாடநூலாக வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அது பழைய மருத்துவமனைப் பதிவுகளின் கணக்கு. சுகர் கால் இப்படிப் பெருகுவதற்கு முந்தியது. ஆனால் கணக்கின் திசை சரி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1947-இல் லட்சத்துக்கு 104 ஆக இருந்த இந்நோய் 1986-இல் 12.6 ஆகச் சரிந்தது. நோயை அடையாளம் காணும் விதி கறாரானது பாதிக் காரணம், புகைப்பவர் குறைந்தது மீதிக் காரணம்.

பீடியைத் தனியே கவனிக்க வேண்டும். 2016–17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடியும் 4 சதவீதம் பேர் சிகரெட்டும் புகைத்தார்கள். தெண்டு இலையில் சுருட்டிய பீடியில் புகையிலை ஒரு சிகரெட்டைவிட மிகக் குறைவு. "சின்னதுதானே" என்ற சமாதானம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த இலை வழியாகக் காற்று எளிதில் புகாது. அணைந்து போகாமல் காக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். விளைவு, நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகவே உள்ளே போகின்றன. வங்கதேசத்தில் நடந்து 2000-இல் வெளிவந்த ஆய்வொன்று பர்ஜர் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டு, பீடிக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு சிகரெட்டைவிட வலுவானது என்று காட்டியது.

புகை விரலை எப்படி அடைகிறது என்ற கேள்விக்கு இப்போது வருவோம். கடந்த பதினைந்து ஆண்டுகளாக ஆய்வாளர்கள் அதிகம் சொல்லும் விடை ஆக்சிஜனேற்ற அழுத்தம். இந்தச் சொல்லை 1985-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு, செல்லுக்குள் வேலை முடிவதற்குள் ஓர் எலக்ட்ரானை மட்டும் பிடித்துக்கொண்டு சூப்பராக்சைடு என்ற முரட்டு மூலக்கூறாகிவிடுகிறது. இத்தகையவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். அவற்றை அடக்க உடலில் காவல் உண்டு: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற என்சைம், குளுட்டாதயோன், சாப்பாட்டில் வரும் வைட்டமின் சி, ஈ. முரடர்கள் பெருகிக் காவல் குறைந்துபோகும் நிலைதான் இந்த அழுத்தம்.

இதை விளக்கும்போது இரும்பு துருப்பிடிப்பதை உவமை சொல்வது வழக்கம். அதைவிடச் சமையலறையில் சரியான உவமை இருக்கிறது. டப்பாவில் மறந்துபோன பழைய முறுக்கில் சிக்கு வாடை வருகிறதே, அதுதான் இது. எண்ணெயிலுள்ள கொழுப்பை ஆக்சிஜன் தாக்கி உடைப்பதால் வரும் வாடை. நம் ரத்தநாளச் செல்களின் சவ்வும் கொழுப்பால் ஆனது. அதுவும் இதே வழியில் சிக்குப் பிடிக்கும். அந்தச் சிதைவில் மிஞ்சும் மலான்டையால்டிஹைடு என்ற பொருளை ரத்தத்தில் அளந்துதான் பரிசோதனைக் கூடங்கள் அழுத்தத்தின் அளவைக் கணிக்கின்றன. உணவு ஆய்வகத்தில் பழைய எண்ணெய்க்குச் செய்யும் சோதனையும் ஏறக்குறைய அதேதான்.

புகைக்குள் இந்த முரடர்கள் எத்தனை? அமெரிக்காவின் லூயிசியானாவில் வில்லியம் பிரையர் 1980-களில் அளந்தார். சிகரெட்டை ஒருமுறை இழுத்தால் வாயுவில் மட்டும் ஏறத்தாழ பத்து கோடி கோடி ராடிக்கல்கள். தாரில் இன்னும் நிலையான, நீண்ட நேரம் வாழும் வகை தனி. இந்த எண்ணைச் சொல்லி மிரட்டிவிட்டு நின்றுவிடும் கட்டுரைகள் உண்டு. ஆனால் சந்தேகப்படும் வாசகர் ஒன்று கேட்கலாம்: இவற்றில் பெரும்பாலானவற்றின் ஆயுள் மிகக் குறைவு, நுரையீரலிலேயே முடிந்துவிடும், கால் விரலுக்கு எப்படிப் போகும்? நியாயமான கேள்வி. அவை நேரே போவதில்லை. ரத்தத்தில் போவது நிக்கோட்டினும், அக்ரோலின் போன்ற காரமான ஆல்டிஹைடுகளும், நுரையீரலில் சீண்டப்பட்டு ஆத்திரத்தோடு வெளியேறும் வெள்ளணுக்களும். இவை போய்ச் சேரும் இடத்தில் நாளத்தின் உள்படலமே தன் என்சைம்களை முடுக்கிச் சூப்பராக்சைடை உண்டாக்கத் தொடங்குகிறது. தீயை மூட்டியது புகைதான் என்றாலும் விறகு நம் வீட்டு விறகு.

அந்த உள்படலத்தின் பெயர் எண்டோதீலியம். அது சும்மா உட்கார்ந்திருக்கும் பூச்சு அல்ல. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை நொடிதோறும் சிறிது சிறிதாக விட்டு, தமனித் தசையைத் தளர்த்தி, தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சூப்பராக்சைடு இந்த நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற, இரண்டையும்விடக் கெட்ட ஒன்றாகிறது. நாளத்தைத் திறந்து வைக்கும் வாயு அங்கேயே குறைகிறது. பெராக்சிநைட்ரைட்டோ நைட்ரிக் ஆக்சைடு செய்யும் என்சைமுக்குத் தேவையான துணைப்பொருளைக் கெடுக்கிறது. துணை இழந்த என்சைம் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் சூப்பராக்சைடையே செய்யத் தொடங்குகிறது. காவல்காரனே கன்னம் வைக்கும் கதை. நாளம் சுருங்குகிறது, தட்டணு ஒட்டுகிறது, வெள்ளணு வந்து குழுமுகிறது, உறைகட்டி உண்டாகிறது.

கோட்பாடாக இது அழகாகப் பொருந்துகிறது. நோயாளிகளிடம் பார்த்தபோது என்ன தெரிந்தது? 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பர்ஜர் நோயாளிகளின் முன்கையில் அசெட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்படலம் நலமாக இருந்தால் அதற்கு நாளம் விரிய வேண்டும். நோய் எட்டாத கையில்கூடச் சரியாக விரியவில்லை. தசையை நேரடியாகத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தபோது விரிந்தது. தசையில் குறையில்லை, உள்படலத்தில்தான் குறை. அதுவும் புண் உள்ள காலோடு நிற்காமல் உடல் முழுவதும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதுவே மிகத் தெளிவான சோதனை.

2010-இல் இஸ்தான்புல் குழுவொன்று ரத்தத்தில் நேரடியாக அளந்தது. சிக்குப்பொருள் கூடியிருந்தது, காவல் பொருள்கள் குறைந்திருந்தன. ஈரானின் மஷ்ஹத் நகரக் குழு 2014-இலும், இத்தாலியர்களோடு சேர்ந்து 2020-இலும், இன்னும் கவனமாக ஒரு காரியம் செய்தது: நோயாளிகளை நோயில்லாத புகைப்பவர்களோடும் ஒப்பிட்டது. அப்போதும் சமநிலை ஆக்சிஜனேற்றப் பக்கமே சாய்ந்திருந்தது. ஆக, புகை எல்லாருக்கும் அழுத்தம் தருகிறது, இவர்களுக்குக் கூடுதலாகத் தருகிறது.

அல்லது அப்படித் தோன்றுகிறது. இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன். இந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை, சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. அளக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே விரல் கறுத்து, புண் வைத்து, தூக்கமில்லாமல் மருத்துவமனைக்கு வந்தவர்கள். ரத்தமில்லாமல் வாடும் திசுவே ஃப்ரீ ராடிக்கல்களை உமிழும். அழற்சியில் வெள்ளணுக்கள் அவற்றை ஆயுதமாகவே பயன்படுத்தும். அப்படியானால் நாம் அளந்தது நோயின் காரணத்தையா, நோயின் கழிவையா? நோய் வருமுன் ரத்தம் எடுத்து வைத்து, பல ஆண்டு தொடர்ந்து பார்த்தால்தான் விடை தெரியும். இவ்வளவு அரிதான நோய்க்கு அப்படிச் செய்வது எளிதல்ல.

இன்னொரு முடிச்சு இதைவிடப் பெரியது. ஒரே பட்டறையில் பத்துப் பேர் ஒரே கட்டிலிருந்து பீடி பிடிக்கிறார்கள். பத்துப் பேருக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டு, ஒருவருக்குக்கூட இந்நோய் வராமல் போகலாம். எங்கோ ஒருவருக்கு வருகிறது. எனவே அழுத்தம் மட்டும் போதாது, கூட ஏதோ சேர வேண்டும். அந்த ஏதோவைத் தேடிப் பலர் பல திசையில் போயிருக்கிறார்கள். இஸ்ரேலில் 1983-இல் இந்நோயாளிகளின் வெள்ளணுக்கள் தம் நாளச் சுவரிலேயே உள்ள கொலாஜனை எதிரியாகக் காண்பதைக் கண்டார்கள். ஜப்பானில் 2005-இல் அடைபட்ட தமனிகளின் 14 மாதிரிகளில் 13-இல் ஈறு நோய்க் கிருமிகளின் டி.என்.ஏ. கிடைத்தது. பல்லுக்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பீடி பிடிப்பவர் ஈறு எப்படி இருக்கும் என்று பல் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். தைவானின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று நீரிலிருந்த ஆர்சனிக் ஊர் ஊராகக் கால்களைக் கறுக்க வைத்தது. கருங்கால் நோய் என்றே அதற்குப் பெயர். வெட்டப்பட்ட அந்தக் கால்களில் சில பர்ஜர் நோயைப் போலவே இருந்தன. ஆர்சனிக் உள்படலத்தைத் தாக்குவதும் பெரும்பாலும் ஆக்சிஜனேற்ற வழியில்தான். புகையிலையிலும் ஆர்சனிக் உண்டு. மரபணு வேறுபாடுகளைப் பற்றியும் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன, உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

என் கணிப்பு இது: ஆக்சிஜனேற்ற அழுத்தம் இந்நோயின் விதை அல்ல, நிலம். விதை தடுப்பாற்றலின் கோளாறாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம். நிலத்தைத் தினமும் பதப்படுத்தித் தருவது பீடி.

இவ்வளவு படித்த வாசகர், "அப்படியானால் ஆன்டி ஆக்சிடன்ட் சாப்பிட்டால் சரியாகிவிடுமே" என்று நினைத்திருப்பார். தாம்பரம் பக்கம் இந்தச் சொல் ரொம்பப் பரிச்சயம். சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. மூலிகைகளின் மேல் இந்தப் பகுதிக்கு ஒரு பிடிப்பு உண்டு. மருந்துக்கடையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் நெல்லிக்காய்ப் பொடி முதல் கேப்சூல் வரை டப்பாக்களில் அந்தச் சொல் அச்சாகியிருக்கிறது. பார்மசி கல்லூரி மாணவர் ஓர் இலையை அரைத்து, ஊதா நிற டி.பி.பி.எச். கரைசலில் விட்டு, நிறம் மங்கினால் ஆன்டி ஆக்சிடன்ட் என்று ப்ராஜெக்ட் எழுதுகிறார். சோதனை சரியானதுதான். ஆனால் அது சோதனைக் குழாயில் நடப்பது. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, அடைபட்ட தமனியின் உள்படலத்தில் நடக்க வேண்டியதற்கு அது சாட்சி ஆகாது.

மனிதர்களிடம் பெரிய அளவில் பார்த்தும் விட்டார்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பவர்களுக்கு வைட்டமின் ஈ-யும் பீட்டா கரோட்டினும் கொடுத்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் அதே போன்ற இன்னொரு ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கேயும் கூடியிருந்தது. இதயநோய் அபாயம் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் பயனில்லை என்று முடிந்தது. புகைப்பவர் உடலில் வைட்டமின் சி குறைவது உண்மை. நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் நன்றாகச் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. கெடுதல் மாத்திரை தரும் தைரியத்தில் இருக்கிறது. "நான்தான் ஆன்டி ஆக்சிடன்ட் எடுக்கிறேனே" என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பீடியைப் பற்றவைக்கும் தைரியம்.

மற்ற சிகிச்சைகளும் உண்டு. நரம்பை வெட்டி நாளத்தைத் தளர்த்தும் சிம்பதெக்டமி நம் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலமாக நடப்பது. வலி தணியும், நோய் போகாது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையான ஓமெண்டத்தைக் காலுக்கு இழுத்துத் தைக்கும் அறுவையை இந்திய டாக்டர்கள் விடாமல் செய்து பார்த்திருக்கிறார்கள். பைபாஸ் பெரும்பாலோருக்கு முடியாது, ஏனென்றால் கீழே போய் ஒட்ட நல்ல நாளமே மிஞ்சியிருக்காது. ஐலோப்ராஸ்ட் என்ற மருந்தைத் தினமும் ஆறு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றிய ஐரோப்பிய ஆய்வு 1990-இல் வந்தது. 28 நாளில் 85 சதவீதம் பேருக்குப் பலன், ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு. விலை லேத் பட்டறைச் சம்பளத்துக்கு எட்டாது. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் எலும்பு மஜ்ஜைச் செல்களிலிருந்து செய்த மருந்துக்கு 2016-இல் இந்தியாவில் வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது, முதல் பயனாக பர்ஜர் நோய்க்கே. 2020-இல் அனுமதி விரிந்தது.

இவை எல்லாவற்றையும் ஒரு தட்டிலும், அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனை 1990-இல் வெளியிட்ட கணக்கை மறு தட்டிலும் வைக்கலாம். புகையை விட்ட நோயாளிகளில் 94 சதவீதம் பேர் எந்த விரலையும் காலையும் இழக்கவில்லை. விடாதவர்களில் 43 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது வெட்ட வேண்டி வந்தது. விடுவது என்றால் முழுதாக விடுவது. நாளைக்கு ஒன்றிரண்டு போதும், நோய் விழித்தே இருக்கும். பீடிக்குப் பதில் மெல்லும் புகையிலை என்பதும் உதவாது; மென்றவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம்மைக்கூட இந்நோயாளிகளுக்குத் தயங்கித்தான் எழுதுகிறார்கள்.

வார்டில் கால் விரலை இழந்தவர் வாசலுக்கு வந்து பீடி பற்றவைப்பதைப் பார்த்து, "இவனுக்கெல்லாம் புத்தியே வராது" என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது புத்தி விஷயம் அல்ல. ரத்தமில்லாத காலின் வலி ராத்திரி முழுக்க இருக்கும். அதை மறக்க அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். வலிக்குச் சரியான மருந்தும் பழக்கத்தை விட ஆலோசனையும் ஒரே சீட்டில் எழுதப்பட வேண்டும். பல இடங்களில் வலி மாத்திரை மட்டும் எழுதப்படுகிறது, ஆலோசனை "பீடிய விட்டுடுப்பா" என்ற ஒரு வரியில் முடிகிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 2002-இலிருந்து புகையிலையை விட உதவும் மையம் இருக்கிறது. ரத்தநாளப் பிரிவின் பக்கத்து அறையிலேயே அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

உங்கள் வீட்டிலோ வேலை இடத்திலோ ஐம்பது வயதுக்குள் உள்ள, பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் ஒருவர் உள்ளங்கால் பிடிப்பு, ஆறாத விரல் புண், குளிர்ந்துபோன பாதம் என்று சொன்னால் சுகரை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பழக்கத்தை விட உதவி கேட்கும் இலவச எண் 1800-11-2356. புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது.